நிறைந்த குப்பைமேடுகளும் அவற்றை மூடும் முறையும்

நகரங்களில் நாள்தோறும் சேரும் குப்பையை ஊரின் எல்லைக்கு அப்பால் ஒரு பள்ளத்திலோ சதுப்பு நிலத்திலோ கொட்டி வைப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஊர் வளர வளர அதன் எல்லையும் விரிகிறது. ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த குப்பைமேடு நாளடைவில் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் கிணறுகளுக்கும் நடுவே வந்துவிடுகிறது. மும்பையின் தேவ்னார் குப்பைமேடு 1927-இல் தொடங்கப்பெற்றது. டெல்லியின் காஜிப்பூர் குப்பைமேடு 1984-இல் தொடங்கி 2002-இல் தன் கொள்ளளவை எட்டிவிட்டது. ஆயினும் அதன் பின்னரும் பல ஆண்டுகள் அங்கே குப்பை கொட்டப்பட்டு வந்தது. இத்தகைய மேடுகள் சிறிதும் பெரிதுமாக நாடெங்கும் உள்ளன.

ஒரு குப்பைமேடு நிறைந்ததும் வண்டிகளை நிறுத்தி, மேலே சிறிது மண்ணைப் பரப்பி, சுற்றிலும் வேலியிட்டால் காரியம் முடிந்தது என்று கருதுவோர் உண்டு. இக்கருத்து அபாயத்தை விளைவிக்கக் கூடியது. வண்டிகள் நின்ற பின்னும் மேட்டினுள் மாறுதல்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து நிகழ்கின்றன. மேலும், மூடுதல் என்னும் செயலே நீரும் வாயுவும் செல்லும் வழிகளை மாற்றிவிடுகிறது. புதிய வழி எதுவாக இருக்கும் என்பதை முன்கூட்டி அறிந்து அதற்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்வதே மூடும் பணியில் முதன்மையானது.

மேட்டினுள் நிகழ்வது என்ன?

நம் நாட்டு நகரக் குப்பையில் ஏறக்குறைய பாதி உணவு மிச்சம், காய்கறிக் கழிவு, தழை முதலிய மக்கும் பொருள்களாகும். ஈரமும் மிகுதி. இவை கொட்டப்பட்டவுடன், இடுக்குகளில் உள்ள பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கத் தொடங்குகின்றன. அப்போது வெப்பம் பிறக்கிறது. மேன்மேலும் குப்பை விழுந்து அழுத்துவதால் உள்ளே இருந்த பிராணவாயு விரைவில் தீர்ந்துபோகிறது. பின்னர், பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் வேலையை மேற்கொள்கின்றன.

இவற்றுள் ஒரு வகை நுண்ணுயிர்கள் மக்கும் பொருளை முதலில் அமிலங்களாக மாற்றுகின்றன. இந்த நிலையில் மேட்டிலிருந்து வடியும் நீர் புளிப்புத்தன்மை உடையதாய், உலோகங்களைக் கரைக்கும் ஆற்றல் பெற்றிருக்கும். அடுத்து வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களை உண்டு மீத்தேன் வாயுவையும் கரியமிலவாயுவையும் வெளியிடுகின்றன. மீத்தேன் பிறக்கும் இந்த இறுதி நிலை பல ஆண்டுகள் நீடிக்கும். ஒரே மேட்டில் பத்தாண்டு முன்னர் விழுந்த குப்பையும் சென்ற மாதம் விழுந்த குப்பையும் அடுத்தடுத்து இருப்பதால், மேற்கூறிய நிலைகள் அனைத்தும் ஒரே சமயத்தில் வெவ்வேறு ஆழங்களில் நடைபெறக்கூடும்.

கசிவுநீர்

மழைநீர் குப்பையின் ஊடே இறங்கும்போது கரையக் கூடிய பொருள்களைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு கரும்பழுப்பு நிறமுள்ள நீராக அடியில் வடிகிறது. இதுவே கசிவுநீர். இதில் கரிமப் பொருள்கள், அம்மோனியா, குளோரைடு முதலிய உப்புகள், சிறிய அளவில் உலோகங்கள் ஆகியவை கலந்திருக்கும். கரிமப் பொருள்களின் அளவு மேட்டின் வயதோடு குறைந்து வரும். அம்மோனியாவோ நெடுங்காலம் குறையாமல் நிற்கும். ஆகவே, நீர் தெளிந்து நாற்றம் குறைந்துவிட்டது என்பதைக் கொண்டு கேடு நீங்கியது என முடிவு செய்தல் கூடாது.

புதிதாக அமைக்கப்படும் குப்பை நிரப்பிடங்களின் அடியில் 90 சென்டிமீட்டர் கனமுள்ள களிமண் படுகையும், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள உயர் அடர்த்திப் பாலிஎதிலீன் விரிப்பும் இடவேண்டும் என 2000-ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வகுத்தன. பழைய மேடுகள் பெரும்பாலும் இவ்விதிகளுக்கு முன்னர்த் தோன்றியவை; அவற்றின் அடியில் எவ்விதத் தடுப்பும் இல்லை. கசிவுநீர் நேராக மண்ணுள் இறங்கி, நிலத்தடி நீர் ஓடும் திசையிலேயே மெல்லச் செல்கிறது. இதனால் மேட்டிற்கு ஒரு பக்கத்தில் உள்ள கிணறு கெட்டிருக்க, அதே தொலைவில் மறுபக்கத்தில் உள்ள கிணறு நன்றாக இருப்பதும் உண்டு.

ஒரு கணக்கினால் இதன் அளவை உணரலாம். 10 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு மேட்டின்மீது ஆண்டொன்றுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். மொத்தம் விழும் நீர் 80,000 கன மீட்டர். அதில் கால் பங்கு உள்ளே இறங்கினாலும் 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர், கசிவுநீராக மாறக்கூடும். நம் நாட்டில் மழையின் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் பெய்துவிடுவதால், இந்நீரும் அக்காலத்திலேயே திரண்டு வெளிப்படுகிறது.

வாயு

மேட்டில் உண்டாகும் வாயுவில் ஏறக்குறைய பாதியளவோ சற்று மிகுதியாகவோ மீத்தேன் இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் கரியமிலவாயு. மீத்தேனுக்கு நிறமும் மணமும் இல்லை. குப்பைமேட்டில் வீசும் நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற பிற வாயுக்களால் ஆவது. எனவே நாற்றம் இல்லாத இடத்திலும் மீத்தேன் இருத்தல் கூடும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவிகிதம் வரை கலந்திருக்கையில் ஒரு சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். மேலும், வளிமண்டலத்தை வெப்பமாக்குவதில், நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமிலவாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வன்மை உடையது.

திறந்த மேட்டில் வாயு மேற்பரப்பு முழுவதிலும் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. மேலே களிமண்ணை இட்டு இறுக்கி மூடினால் அவ்வழி அடைபடுகிறது. உள்ளே வாயு உண்டாவதோ நிற்பதில்லை. அது பக்கவாட்டில் பரவி, மணற்படுகை, பாறை வெடிப்பு, பழைய குழாய்ப் பள்ளம், சாக்கடை ஆகியவற்றின் வழியே அயலிலுள்ள வீடுகளின் அடித்தளத்தை அடையக்கூடும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இங்கிலாந்தில் உண்டு. டார்பிஷயர் வட்டாரத்தில் லாஸ்கோ என்னும் சிற்றூரில் ஒரு பழைய கல்லெடுப்புக் குழி குப்பையால் நிரப்பப்பட்டு, 1982-இல் அப்பணி முடிவுற்றது. 1986 மார்ச் 24 அன்று அதன் அருகிலிருந்த ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமாயிற்று, மூவர் காயமுற்றனர். பாறை இடுக்குகள் வழியே வந்த மீத்தேன் வீட்டின் அடியில் தேங்கியிருந்ததும், அன்று வளிமண்டல அழுத்தம் விரைவாகக் குறைந்ததால் மண்ணிலிருந்த வாயு மிகுதியாக வெளிப்பட்டதும் ஆய்வில் தெரியவந்தன. குப்பை வண்டிகள் நின்று நான்கு ஆண்டுகள் ஆன பின் நேர்ந்த விபத்து இது என்பது கவனிக்கத்தக்கது.

தீயும் சரிவும்

மேட்டினுள் பிறக்கும் வெப்பமும் மீத்தேனும் பிளாஸ்டிக், துணி, தாள் முதலியவையும் சேர்ந்து தீக்கு இடமளிக்கின்றன. மேற்பரப்பில் எரியும் தீயைக் காட்டிலும் உள்ளே கனன்று கொண்டிருக்கும் தீ கொடியது. வெடிப்புகள் வழியே காற்று புகுந்தால் அது பரவும். மேலே நீரை ஊற்றினால் முழுதும் அடங்காது. கொச்சி நகரின் பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2-இல் பற்றிய தீ பத்து நாள்களுக்கு மேல் புகைந்தது. மண்வாரி இயந்திரங்களைக் கொண்டு குப்பையைக் கிளறி அடுக்கடுக்காக நனைத்த பின்னரே அதனை அடக்க இயன்றது. அதுவரை நகரமக்கள் நச்சுப்புகையைச் சுவாசிக்க நேர்ந்தது.

மற்றோர் அபாயம் சரிவு. செங்குத்தாக உயர்த்தப்பட்ட குப்பையில் மழைநீர் ஊறும்போது அதன் எடை கூடுகிறது. துகள்களுக்கிடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. உள்ளே தேங்கிய நீரும் வாயுவும் வெளிநோக்கித் தள்ளுகின்றன. 2017 செப்டம்பர் 1 அன்று காஜிப்பூர் மேட்டின் ஒரு பகுதி சரிந்து, அருகிலிருந்த சாலையில் சென்ற வண்டிகளைக் கால்வாய்க்குள் தள்ளியது. இருவர் உயிரிழந்தனர். அம்மேடு நிறைந்துவிட்டதாகக் கருதப்பட்டு அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மூடுதலைத் தள்ளிப்போடுவதன் விலை எத்தகையது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

இருந்த இடத்திலேயே மூடுதல்

பழைய மேட்டைக் கையாள இரண்டு வழிகள் உள்ளன. குப்பையை இருந்த இடத்திலேயே வைத்து முறைப்படி மூடுவது ஒன்று. அதனை அகழ்ந்து பிரித்து அகற்றுவது மற்றொன்று.

முதல் முறையில், எந்தப் பணியையும் தொடங்குமுன் மேட்டின் வடிவம், உயரம், குப்பையின் ஆழம், நிலத்தடி நீர்மட்டம், நீர் ஓடும் திசை ஆகியவற்றை அளந்து குறிக்கவேண்டும். சுற்றிலும் உள்ள கிணறுகளின் நீரை அப்போதே சோதித்து வைத்தல் இன்றியமையாதது. இந்த முதற்கணக்கு இல்லையெனில், பிற்காலத்தில் நீர் திருந்தியதா, கெட்டதா என்பதை ஒப்பிட்டறிய வழி இராது.

பின்னர், செங்குத்தான பக்கங்கள் வெட்டப்பட்டு உறுதியான சரிவாக்கப்படுகின்றன. துளையிட்ட குழாய்கள் குப்பையினுள் இறக்கப்பட்டு, வாயு ஓரிடத்தில் சேர்க்கப்படுகிறது. அதன் அளவு போதுமானதாக இருந்தால் எரிபொருளாகப் பயன்படுத்தலாம். இல்லையேல் பாதுகாப்பான கொளுத்தியில் எரித்துவிடலாம். எரிக்கும்போது மீத்தேன் கரியமிலவாயுவாகவும் நீராவியாகவும் மாறிவிடுவதால் வளிமண்டலத்திற்கு விளையும் கேடு பெரிதும் குறைகிறது. மேட்டின் அடிவாரத்தில் கசிவுநீரைத் திரட்டும் வடிகால்கள் அமைக்கப்பட்டு, அந்நீர் சுத்திகரிப்புக்கு அனுப்பப்படுகிறது.

இறுதி மூடாக்கு மூன்று அடுக்குகளைக் கொண்டது. 2000-ஆம் ஆண்டின் விதிகள் வகுத்து, 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலும் இடம்பெற்ற அளவுகள் பின்வருமாறு: அடியில் 60 சென்டிமீட்டர் களிமண் அல்லது பதப்படுத்திய மண், அதன்மேல் நீர் வடிவதற்கான 15 சென்டிமீட்டர் அடுக்கு, அதற்கும் மேல் செடிகொடி வளர்வதற்கான 45 சென்டிமீட்டர் மண். களிமண் அடுக்கின் வழியே நீர் செல்லும் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவாக இருக்கவேண்டும் என்பது விதி.

இந்த வேகத்தில், ஆண்டு முழுவதும் மண் நனைந்தே இருந்தாலும், சுமார் 3 சென்டிமீட்டர் நீர்தான் உள்ளே இறங்க முடியும். முன்னர்க் கூறிய 10 ஹெக்டேர் மேட்டிற்கு இது 3,000 கன மீட்டர் ஆகும். அதாவது, மூடாதிருந்தபோது இறங்கிய நீரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. மேலடுக்கில் நீர் தேங்காமல் வடிந்துவிட்டால் இதுவும் குறையும். களிமண்ணில் ஒரு வெடிப்பு ஏற்பட்டால் இக்கணக்கு முழுவதும் பொய்த்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மும்பையின் கோராய் குப்பைமேடு இம்முறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. கடற்கழியின் கரையில், சுமார் 20 ஹெக்டேர் பரப்பில், 1972 முதல் அங்கே குப்பை கொட்டப்பட்டு வந்தது. அருகில் குடியிருப்புகள் பெருகின. குப்பை சராசரியாக 26 மீட்டர் உயரத்தை எட்டியது. நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2007-இல் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. பின்னர் மேட்டின் சரிவுகள் திருத்தப்பட்டன, நீர் புகாத மூடாக்கு இடப்பட்டது, குழாய்கள் வழியே வாயு திரட்டப்பட்டு எரிக்கப்பட்டது, மேற்பரப்பு பசுந்தரையாக்கப்பட்டது. எனினும் குப்பை அங்கிருந்து அகலவில்லை. அதனைக் காக்கும் பொறுப்பும் அவ்வாறே நீடிக்கிறது.

அகழ்ந்து பிரித்தல்

இரண்டாவது முறையில் மேடு பகுதி பகுதியாகத் தோண்டப்படுகிறது. தோண்டிய குப்பையை நீண்ட வரப்புகளாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்து, சில வாரங்கள் அவ்வப்போது புரட்டிவிடுகின்றனர். காற்றுப்படுவதால் எஞ்சிய மக்கும் பொருள் சிதைந்து, ஈரமும் நாற்றமும் குறைகின்றன. உலர்ந்த குப்பையைச் சுழலும் சல்லடைகளில் இட்டு, நுண்ணிய மண், கற்களும் கட்டட இடிபாடுகளும், எரியக் கூடிய பிளாஸ்டிக், துணி முதலியவை, உலோகம், கண்ணாடி எனப் பிரிக்கின்றனர். கற்கள் பள்ளங்களை நிரப்பவும், எரியும் பொருள்கள் சிமெண்டு ஆலைகளில் எரிபொருளாகவும் உதவுகின்றன.

இந்தூர் நகரில் இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. அந்நகரின் பழைய மேட்டில் கிடந்த சுமார் 13 லட்சம் டன் குப்பை 2018-இல் சில மாதங்களுக்குள் பிரித்தெடுக்கப்பட்டு, ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-இல் இப்பணிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கத்தின் இரண்டாம் கட்டம் பழைய குப்பைமேடுகளை அகற்றுவதைத் தன் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கொண்டது.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. பிரிந்துவரும் நுண்மண்ணில் உப்புகளும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் கண்ணாடித் துகள்களும் இருக்கக்கூடும். சோதனையின்றி அதனை உணவுப்பயிர் விளையும் வயலில் இடுதல் தகாது. தோண்டும்போது அடைபட்டிருந்த வாயு வெளிப்படும், புழுதி பறக்கும், கனன்றுகொண்டிருந்த நெருப்பு காற்றுப்பட்டுக் கிளம்பும். மழைக்காலத்தில் ஈரக் குப்பை சல்லடையில் பிரியாது. எரியும் பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் ஆலை எட்டும் தொலைவில் இல்லையெனில், ஒரு மேடு கரைந்த இடத்தில் மற்றொரு மேடு எழும்.

ஆதலின், எந்த முறையைத் தெரிந்தெடுப்பது என்பது இடத்தைப் பொறுத்தது. நிலத்தடி நீர் குப்பையைத் தொட்டு நிற்கும் இடங்களில் மேலே மூடுவது மட்டும் பயன் தராது. அங்கே அகழ்ந்து அகற்றுவதே ஏற்றது. நெருங்கிய குடியிருப்புகளுக்கு நடுவே, உறுதியான களிமண் தரையில் அமைந்த ஆழமான மேட்டை இருந்த இடத்திலேயே மூடுவது பொருந்தலாம். எம்முறையாயினும், புதிய குப்பை வந்து விழுவது நிற்காதவரை மூடும் பணி நிறைவேறாது. வீட்டிலேயே ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் பிரிப்பது இங்கேதான் முக்கியத்துவம் பெறுகிறது. மேட்டில் பொறுக்கி வாழும் குடும்பங்களுக்கு மாற்று வேலை அளிப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியாக அமையவேண்டும். பொருள்களை இனங்கண்டு பிரிப்பதில் அவர்கள் பெற்றுள்ள தேர்ச்சி இப்பணிக்கே பயன்படும்.

மூடிய பின் கவனிக்க வேண்டியவை

மூடிய நிலத்தைக் குறைந்தது 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்று மேற்கூறிய விதிகள் பணித்தன. அக்காலம் கழிந்த பின்னும், வாயுவும் கசிவுநீரும் வரம்பிற்குள் இருப்பதையும் மண் உறுதியாக இருப்பதையும் சோதித்தறிந்த பின்னரே அங்கே குடியிருப்பு முதலியவற்றைப் பற்றி எண்ணலாம். களப்பணியாளர் ஒவ்வொரு முறை செல்லும்போதும் கீழ்க்கண்டவற்றைக் குறித்து வருதல் நலம்.

மேற்பரப்பில் வெடிப்பு, பள்ளம், நீர்த்தேக்கம் ஆகியவை தோன்றியுள்ளனவா என்று பார்க்கவேண்டும். உள்ளே உள்ள குப்பை சீராக அமுங்குவதில்லை. ஆகவே பள்ளங்கள் உண்டாவது இயற்கை. அவற்றை உடனே மண்ணிட்டு நிரவாவிடில் நீர் தேங்கி உள்ளே இறங்கும். பசுந்தரையில் ஓரிடத்தில் மட்டும் புல் கருகியிருந்தால், வேர்ப்பகுதியில் பிராணவாயுவை விலக்கிக்கொண்டு வாயு வெளியேறுவதாகக் கொள்ளலாம். மழைக்குப் பின் தேங்கிய நீரில் தொடர்ந்து குமிழிகள் எழுவதும் அதற்கு அறிகுறி. அதிகாலையில் வெடிப்புகளிலிருந்து ஆவியோ புகையோ எழுந்தால் உள்ளே வெப்பம் மிகுந்துள்ளது என்பதை உணர்ந்து உடனே தெரிவிக்கவேண்டும். பக்கச் சரிவுகளில் கரும்பழுப்புக் கறை கண்டால் அது கசிவுநீர் வெளிப்படும் இடமாகும்.

மேட்டின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பிந்திய காலம் என மூன்று பருவங்களிலும் சோதிக்கவேண்டும். நீர் வரும் பக்கத்தில் ஒரு கிணறும், செல்லும் பக்கத்தில் இரண்டொரு கிணறுகளும் தெரிந்தெடுத்து, ஆண்டுதோறும் அதே கிணறுகளிலிருந்தே மாதிரி எடுத்தல் வேண்டும். குளோரைடு மண்ணில் ஒட்டாமல் நீரோடு செல்வதால், கசிவுநீர் எட்டிப்பார்ப்பதை முதலில் அறிவிக்கும் பொருள் அதுவே. இரு பக்கக் கிணறுகளுக்கும் இடையே குளோரைடும் அம்மோனியாவும் வேறுபட்டு, அவ்வேறுபாடு ஆண்டுக்காண்டு வளருமானால் நடவடிக்கை தேவை. குடிக்கும் கிணறாக இருப்பின் மாற்று நீருக்கு ஏற்பாடு செய்வது முதற்கடமை.

மேட்டின் மீதும் அதன் அருகிலும் புகைபிடித்தலோ தீ மூட்டுதலோ கூடாது. வாயுக் கிணறு, கசிவுநீர்த் தொட்டி, ஆள்நுழை குழி ஆகியவற்றினுள் எவரும் இறங்குதல் ஆகாது. அங்கே பிராணவாயு இல்லாமல் மூச்சு நின்றுபோகும். ஒருவரைக் காக்க இறங்குபவரும் உயிரிழப்பர்.

பள்ளிகளில் செய்து காட்டத்தக்கது

இச்செய்திகளை மாணவர்க்கு விளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு பிளாஸ்டிக் குப்பிகளின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, வாயில் துணி கட்டி, இரண்டிலும் சம அளவு காய்கறித் தோலும் இலைச்சருகும் இடுக. ஒன்றின் மேல் ஈரக் களிமண்ணைச் சரிவாக அழுத்திப் பூசி, சரிவு முடியும் ஓரத்தில் குப்பியின் பக்கத்தில் ஒரு துளையிட்டு, வழியும் நீர் வெளியேற வழி செய்க. மற்றதைத் திறந்தே விடுக. ஒரு வாரம் நாள்தோறும் இரண்டின்மீதும் ஒரே அளவு நீரைத் தெளித்து, அடியில் வடியும் நீரின் அளவையும் நிறத்தையும் மாணவர் குறித்து வரட்டும். பின்னர்க் களிமண்ணில் ஒரு கோடு கீறிச் சோதனையைத் தொடர்ந்தால், ஒரு சிறு வெடிப்பு என்ன செய்யும் என்பதைக் கண்ணாரக் காண்பர். குப்பிகளை இறுக மூடுதலும், வடிந்த நீரைக் கையால் தொடுதலும் கூடாது.

ஊரிலுள்ள பழைய குப்பைமேடு எந்த ஆண்டில் தொடங்கியது, எந்த ஆண்டில் நின்றது, அருகிலுள்ள கிணறுகள் எவை என்பதை ஒரு வரைபடத்தில் குறித்துப் பள்ளியில் வைத்திருப்பதும் பயனுள்ள வேலை. பசும்புல் போர்த்திய மேடு என்பதாலேயே அதன் அடியில் கிடப்பதை அடுத்த தலைமுறை மறந்துவிடக்கூடும். அவ்வாறு மறந்த நிலத்தில் ஒருவர் கிணறு தோண்டவோ வீடு கட்டவோ முற்படும் நாளில், அந்த வரைபடமும் களப்பணியாளரின் பதிவேடும் அவருக்கு எச்சரிக்கையாக அமையும்.